கருடன் அலகை உடைத்துக்கொள்வதில்லை: பினாங்கில் அன்றாட இயற்கையிலிருந்து பாடம் எடுக்கும் முறை

கழுகுக்கு 40 வயதானதும் மலையுச்சிக்குப் போய், அலகைப் பாறையில் மோதி உடைத்துக்கொள்ளுமாம். நகங்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஐந்து மாதம் பொறுத்திருந்து, புது அலகும் புது நகமுமாக இன்னும் 30 ஆண்டு வாழுமாம். வாட்சாப்பில் இந்தக் கதை வந்து விழாத குடும்பக் குழு கிடையாது. தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் மேடையில் சொன்னால் கூட்டம் கைதட்டும். ஆனால் அப்படி ஒரு கழுகு உலகில் எங்கும் இல்லை. நகமில்லாமல் இரையைப் பிடிக்க முடியாது, அலகில்லாமல் கிழிக்க முடியாது. ஐந்து மாதம் பட்டினி கிடந்து எந்தக் கழுகும் பிழைக்காது.

அதை விட்டுவிட்டு, காலை 10 மணிக்கு மேல் கடற்கரைப் பக்கம் போய் அண்ணாந்து பாருங்கள். வெண்தலையும் செம்பழுப்பு உடலுமாகச் செம்பருந்து வட்டமிடும். கருடன் என்று நாம் கன்னத்தில் போட்டுக்கொள்வது அதைத்தான். தரை சூடேறிக் காற்று மேலெழும்பும் நேரம் அது என்பதால் சிறகடிக்காமலே ஏறிக்கொண்டிருக்கும். அடியிலிருந்து சிறகைக் கவனித்தால், சில பறவைகளுக்குச் சீப்பில் பல் உடைந்ததுபோல ஓரிடத்தில் இடைவெளி தெரியும். பழைய இறகு உதிர்ந்து புதியது முளைத்துவரும் இடம் அது. பறக்கும் இறகுகள் ஒன்றிரண்டாகத்தான் உதிரும். அது வளர்ந்து வரவர அடுத்தது. எல்லாம் மாறி முடியப் பல மாதம் ஆகும். அத்தனை மாதமும் பறவை வேலையை நிறுத்துவதில்லை, மீனைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாட்சாப் கழுகு, எல்லாவற்றையும் உடைத்துவிட்டு மறுபடி பிற என்கிறது. உண்மையான பருந்து, பறப்பதை நிறுத்தாமல் ஒன்றிரண்டை மாற்று என்கிறது. வேலையை விடலாமா என்று யோசிப்பவருக்கு இந்த இரண்டில் எது காதில் விழுகிறது என்பது சின்ன விஷயமல்ல. இரண்டாவதை எடுக்க ஒரே வழி, முதலில் சரியாகப் பார்ப்பது. பாடத்தைத் தேடிக்கொண்டு போகிறவர் ஏற்கெனவே மனத்தில் இருந்ததையே மரத்தின் மேல் ஒட்டிவிட்டுத் திரும்புவார். பார்க்கப் போகிறவருக்குத்தான் தான் நினைத்தது தவறு என்று தெரியவரும். அந்த இடத்தில்தான் பாடம் இருக்கிறது.

கைக்கு வேண்டியவை

ஒரு 555 புத்தகம். மளிகைக் கடையில் கடன் எழுத வைத்திருப்பார்களே, அதே சட்டைப்பை அளவுச் சின்னப் புத்தகம். ஆடம்பரமான டைரி வேண்டாம். அழகான தாளைப் பார்த்ததும் அழகான வாக்கியம் எழுதத் தோன்றும், அது இந்த வேலைக்குக் கெடுதல். எழுதப் பென்சில். பினாங்குப் புழுக்கத்திலும் மழையிலும் பேனா மை ஊறிப்போகும். கொசுத் தைலத்தைக் கிளம்புமுன் பூசிக்கொள்ளுங்கள். டெங்கிக் கொசு விடிந்த பிறகும் பொழுதுசாயும் முன்னும்தான் அதிகம் கடிக்கும், நீங்கள் வெளியே நிற்கப்போவதும் அதே நேரங்கள். அரை லிட்டர் தண்ணீர், ஒரு குடை. கைப்பேசி இருக்கட்டும், நேரம் அளக்க மட்டும். படம் எடுக்கத் தொடங்கினால் பார்ப்பது நின்றுவிடும். முதல் மூன்று வாரத்துக்குப் படமே வேண்டாம் என்பது எங்கள் கறாரான கருத்து. சுவர்ச் செடிக்கு மட்டும் விலக்கு உண்டு, காரணம் பின்னால் வருகிறது.

புத்தகத்தைத் திறந்தால் இரண்டு பக்கம். இடப்பக்கத்தின் மேல் "பார்த்தது" என்றும் வலப்பக்கத்தின் மேல் "நினைத்தது" என்றும் எழுதுங்கள். இந்த முறையின் முதுகெலும்பே இந்தப் பிரிவுதான்.

இடமும் நேரமும்

வீட்டிலிருந்தோ வேலையிடத்திலிருந்தோ பத்து நிமிட நடையில் ஓரிடம். பயிற்சி 21 நாள், அத்தனை நாளும் அதே இடம். அடுக்குமாடி வீட்டு நடைபாதையின் பூந்தொட்டி, லிட்டில் இந்தியா அஞ்சடியில், அதாவது கடைமுன் நடைபாதையில், எதிர்ச்சுவர், பேருந்து நிறுத்தத்து மரம், பள்ளித் திடலின் ஓரப்புல், எது கிடைத்தாலும் போதும். தண்ணீர்மலைப் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கொடுப்பினை. 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா நடக்கும் தூரத்தில் இருக்கிறது, முருகன் கோயிலின் 513 படிகளும் இருக்கின்றன.

கொடிமலை, அதாவது பினாங்கு மலை, ஏறினால்தான் இயற்கை என்று நினைப்பவர்கள் உண்டு. 833 மீட்டர் உயரம், பூங்காவிலிருந்து ஜீப் பாதையில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். உடம்புக்கு நல்லது, சந்தேகமில்லை. ஆனால் ஏறுபவரின் கவனம் மூச்சிலும் முழங்காலிலும் கைக்கடிகாரத்திலும் இருக்கும். முதல் மாதம் மலை வேண்டாம். நிற்கப் பழகியபின் ஏறலாம்.

சூரியன் இங்கே ஆண்டு முழுதும் காலை 7க்கும் 7.40க்கும் இடையில்தான் உதிக்கிறது. உதயத்தை ஒட்டிய அரைமணியில் பறவைகள் அதிகம். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது முடியாவிட்டால் மாலை 6.30க்கு மேல். பிற்பகலில் இடியோசை கேட்டால் அன்றைய பாடம் அவ்வளவுதான். திறந்த திடலிலும் நிற்காதீர்கள், பெரிய மரத்தடியிலும் நிற்காதீர்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை கனக்கும், ஜனவரி பிப்ரவரி மழை குறைந்த வறண்ட காலம். புதிதாகத் தொடங்குபவர்களுக்குத் தைப்பூசத்தை ஒட்டிய நாட்கள் வசதி. ஆனால் அந்த ஒரு வாரம் தண்ணீர்மலைச் சாலைப் பக்கம் மரத்தைப் பார்க்க வழி கிடைக்காது, ஜனக்கடல்.

இருபது நிமிடம்

பத்து நிமிடம் பார்ப்பது, ஐந்து நிமிடம் எழுதுவது, ஐந்து நிமிடம் கேள்வி கேட்பது.

முதல் மூன்று நிமிடம் மனம் மின்சாரக் கட்டணத்தில் இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான். அதோடு சண்டை போடாமல் எண்ணும் வேலை ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். மைனா நிமிடத்துக்கு எத்தனை முறை தரையைக் கொத்துகிறது? அதில் எத்தனை முறை ஏதாவது அகப்படுகிறது? எறும்பு வரிசையில் சுமையோடு போவது எத்தனை, வெறுங்கையோடு போவது எத்தனை? எண்ணத் தொடங்கியதும் கவனம் தானாக நிற்கும்.

இடப்பக்கத்தில் எழுதும்போது சில சொற்களுக்குத் தடை: அழகு, அமைதி, பொறுமை, விடாமுயற்சி, ஒற்றுமை, சோகம். இவை கண்ணுக்குத் தெரிபவை அல்ல. "மைனா பொறுமையாக இரை தேடியது" என்று எழுதினால் ஒன்றும் எழுதவில்லை என்று பொருள். "7.20. மைனா 2. ஒன்று ஐந்து நிமிடத்தில் 31 கொத்து, 4 முறை விழுங்கியது. மற்றது கம்பியில் உட்கார்ந்திருந்தது, இறங்கவில்லை" என்பது எழுத்து. எண், திசை, நேரம், உடலுறுப்பு. கணக்குப்பிள்ளைபோல எழுதுங்கள், கவிஞர்போல வேண்டாம். நம் பழைய சங்கக் கவிஞர்களே கவிஞர்போல எழுதவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எந்த நிலத்தில் எந்தப் பூ, எந்தப் பொழுதில் எந்தப் பறவை என்று கருப்பொருளைச் சரியாக வைத்துவிட்டுத்தான் உள்ளுறையாக, மறைபொருளாக, மனிதரைப் பேசினார்கள். பூ தவறினால் பாட்டே தவறு.

வலப்பக்கத்தில் முதல் வரி எப்போதும் இந்தக் கேள்விக்கு விடை: நான் எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தது எது? மாறாக எதுவுமே இல்லையென்றால் "இன்று ஒன்றுமில்லை" என்று எழுதிவிட்டுப் போங்கள். முதல் வாரத்தில் ஐந்து நாளாவது அப்படித்தான் முடியும். வலுக்கட்டாயமாகப் பாடம் பிழிவதைவிட அது மேல்.

மாறாக ஒன்று அகப்பட்டால் அதை உங்கள்மீது திருப்பிக் கேள்வியாக்குங்கள். "வாழ்க்கையில் நாம் விடாமல் முயல வேண்டும்" என்பது கேள்வியல்ல. கேள்வியில் ஆள் வேண்டும், நாள் வேண்டும், இடம் வேண்டும். அதன்பின் 48 மணி நேரத்துக்குள் செய்து முடிக்கக்கூடிய ஒரு சின்னக் காரியம், கால்மணிக்கு மேல் பிடிக்காதது. மூன்றாம் நாள் அதே பக்கத்தில் என்ன நடந்தது என்று ஒரு வரி. காரியம் எழுதாத பாடம் முகநூலில் போடத்தான் உதவும்.

தொட்டாற்சிணுங்கியோடு ஒரு காலை

முறை முழுவதையும் ஒரே செடியில் பழகிப்பார்க்கலாம். திடலின் ஓரத்தில், அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடப் புல்லில், எங்கும் கிடக்கிறது. காலை 9க்கும் 11க்கும் இடையில், காற்றில்லாத வெயிலில் உட்காருங்கள். மாலையில் போனால் இலை தானாகவே மூடியிருக்கும், காற்றடித்தால் நீங்கள் தொட்டதா காற்று தொட்டதா என்று தெரியாது. தண்டில் முள் உண்டு, கையை ஊன்றுமுன் பாருங்கள்.

ஒரு இலையின் நுனியைப் பென்சில் முனையால் மெல்லத் தொடுங்கள். மடிப்பு நுனியிலிருந்து எவ்வளவு தூரம் ஓடுகிறது? அந்த இலையோடு நிற்கிறதா, காம்பும் தொங்குகிறதா? திரும்ப விரிய எத்தனை நிமிடம்? இன்னொரு இலையைச் சற்று வேகமாகத் தட்டிப் பாருங்கள். மெல்லத் தொட்டதற்கும் தட்டியதற்கும் வேறுபாடு தெரியும். ஒரே இலையை ஐந்து முறைக்கு மேல் சீண்ட வேண்டாம். மூடிய இலைக்கு வெயில் குறைவு, வெயில்தான் அதற்குச் சோறு. மூடுவது இலவசமல்ல என்பதை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

2014இல் வெளிவந்த ஒரு ஆய்வில் இந்தச் செடியைத் தொட்டியோடு 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்பக் கீழே விழவைத்தார்கள். தொடக்கத்தில் மூடிய இலைகள், விழுவதால் கெடுதல் இல்லையென்றானதும் மூடுவதை நிறுத்திக்கொண்டன. களைப்பால் நிறுத்தினவோ என்று வேறு மாதிரி உலுக்கிப் பார்த்தபோது உடனே மூடின. 28 நாள் சும்மா விட்டுவிட்டு மறுபடி விழவைத்தபோதும் மூடவில்லை. குறைந்த வெளிச்சத்தில் வளர்ந்த செடிகள் இதை இன்னும் வேகமாகப் பழகிக்கொண்டன. சோறு குறைந்த வீட்டில் வீண்செலவு செய்ய முடியாதல்லவா.

தொட்டால் சுருங்கும் கோழைச் செடி என்று எழுதப் போனவர் வலப்பக்கத்தில் இப்போது என்ன எழுதுவார்? எதற்கு மூடுவது, எதற்கு மூடாமலிருப்பது என்று பிரித்தறியும் செடி. கேள்வி இப்படி வரலாம்: போன வாரம் எத்தனை முறை சுருங்கினேன்? மேலதிகாரி வெறும் "ஓகே" என்று அனுப்பிய செவ்வாய்க்கிழமை, மாமியார் குழம்பில் உப்பைப் பற்றிச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை. அதில் எது விழுவது, எது உலுக்குவது? காரியம்: அடுத்த "ஓகே" வரும்போது 20 நிமிடம் பதில் போடாமல், விளக்கம் கேட்காமல், கையிலிருக்கும் வேலையைத் தொடர்வது. மூன்றாம் நாள்: ஏதாவது கெட்டுப்போயிற்றா, ஆம் அல்லது இல்லை.

இங்கே பலர் வழுக்குவார்கள். "எதற்கும் சுருங்காதே" என்று பாடத்தை நீட்டிவிடுவார்கள். செடி அப்படிச் செய்யவில்லை. உலுக்கியதும் மூடிக்கொண்டது. கை ஓங்குபவரிடம், சம்பளத்தைப் பிடித்து வைப்பவரிடம் பழகிக்கொண்டு போவது இந்தப் பாடத்தில் சேராது.

சுவரில் முளைத்த அரசு

ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளின் சுவரில், தண்ணீர்க் குழாயை ஒட்டி, கூரை ஓட்டின் விளிம்பில், அரசு, ஆல், அத்தி வகைக் கன்றுகள் தொங்குவதைப் பார்க்காமல் ஒரு தெருவைக் கடக்க முடியாது. பழம் தின்ற பறவை எச்சத்தோடு விதையை விரிசலில் விட்டுப்போகும். சுண்ணாம்புச் சாந்து ஈரம் பிடித்து வைத்திருக்கும், அதுவே போதும். வெளியே நாலைந்து இலைதான் தெரியும். வேர் உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று தெருவில் நிற்பவருக்குத் தெரியாது.

ஒரு கன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். மாதத்தின் முதல் தேதி, தெருவில் அதே இடத்தில் நின்று ஒரு படம். எட்டும் உயரத்தில் வேர் தெரிந்தால் பக்கத்தில் 20 சென் காசைப் பிடித்துக்கொண்டு எடுங்கள், தடிமன் ஒப்பிட உதவும். யாராவது கன்றை வெட்டிவிட்டுப் போனால் உங்களுக்கு நல்ல வாய்ப்பு. எத்தனை நாளில் தளிர் திரும்ப வருகிறது என்று எண்ணுங்கள். வரும். இலையை வெட்டினால் வேருக்கு ஒன்றும் ஆவதில்லை. விரல் தடிமனில் கையாலும் சிறு கத்தியாலும் வேரோடு எடுத்துவிடலாம். மணிக்கட்டுத் தடிமனானால் சுவரைப் பிரித்தாக வேண்டும்.

நீங்களே போய்ப் பிடுங்காதீர்கள். அது இன்னொருவர் வீடு, 2008 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள நகரம், இழுத்தால் சாந்தும் சேர்ந்து வரும். உங்கள் வீட்டுச் சுவரிலேயே முளைத்திருந்தால், அரசங்கன்று ஆயிற்றே என்று கைவைக்கத் தயங்குவீர்கள். வேரோடு எடுத்துத் தொட்டியில் வையுங்கள், தோஷம் ஒன்றும் வராது.

வலப்பக்கத்துக்கு வருவோம். கடன் அட்டையில் ஒவ்வொரு மாதமும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுவது இலை வெட்டுவது. தம்பியோடு பேச்சு நின்றுபோய், தீபாவளிக்கு மட்டும் வாழ்த்து அனுப்புவது இலை வெட்டுவது. இனிப்பு நீர் (நீரிழிவு) சோதனைக்கு இரண்டு நாள் முன்னால் மட்டும் தே தாரேக்கை, அந்த இனிப்புப் பால் தேநீரை, நிறுத்துவதும் அதே வகைதான். இந்த வாரம் நான் செய்தவற்றில் எது இலை, எது வேர் என்று இரண்டு வரிசை எழுதுங்கள். வேர் வரிசை பெரும்பாலும் காலியாக இருக்கும். விரல் தடிமனில் இருப்பது எது என்று பார்த்து, அதற்கு மட்டும் ஒரு காரியம். மணிக்கட்டுத் தடிமனில் இருப்பதை இந்த 555 புத்தகத்தால் தீர்க்க முடியாது, அதற்கு ஆள் வேண்டும். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் மரத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரையும் பாருங்கள்.

குரங்கு எதைப் பார்க்கிறது

தாவரவியல் பூங்காவில் நீண்டவால் குரங்குகள் ஏராளம். போகுமுன் விதிகள்: பிளாஸ்டிக் பை கூடாது, அதன் சலசலப்பே சாப்பாட்டு மணி. ஜிப் போட்ட பையை முன்பக்கம் மாட்டுங்கள். ஐந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். கண்ணுக்குக் கண் முறைக்காதீர்கள், பல் தெரியச் சிரிக்காதீர்கள். இரண்டையும் அது மிரட்டலாக எடுத்துக்கொள்ளும். பையைப் பிடித்து இழுத்தால் விட்டுவிடுங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இலைதின்னும் கண்ணாடிக் குரங்கு, அதாவது கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுள்ள லோத்தோங், மேலே கிளையிலேயே இருக்கும், தொல்லையில்லை.

பத்து நிமிடத்தில் ஒரு குரங்கு வருகிறவர்களின் முகத்தை எத்தனை முறை பார்க்கிறது, கையை எத்தனை முறை பார்க்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எண்களே பேசும். அதைக் கையைப் பார்க்கப் பழக்கியது நிலக்கடலை கொடுத்தவர்கள். கொடுப்பதைத் திடீரென நிறுத்தினால் என்ன ஆகும்? உடனே அடங்கிவிடாது. கிடைத்துக்கொண்டிருந்தது நின்றால் முதல் நாட்களில் கேட்பது கூடும், பறிப்பதும் கூடும், அதன்பின்தான் குறையும். விலங்குகளின் பழக்கத்தை ஆராய்பவர்கள் நன்கறிந்த விஷயம் இது. "நிறுத்திப் பார்த்தோம், மோசமாகிவிட்டது" என்று மூன்றாம் நாள் மறுபடி கொடுத்தால், இன்னும் பலமாகப் பறித்தால்தான் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்தாயிற்று.

சாப்பாட்டு மேசையில் கைப்பேசி கேட்டு அழும் நாலு வயதுக் குழந்தையும், இரவு 11 மணிக்குத் திரையைத் தேடும் உங்கள் கட்டைவிரலும் இதே கணக்குத்தான். எதையாவது நிறுத்த முடிவெடுத்தால் முதல் ஐந்து நாள் கூடும் என்று முன்கூட்டியே புத்தகத்தில் எழுதிவைத்துவிடுங்கள். கூடும்போது தோல்வி என்று தோன்றாது.

மற்றவை, சுருக்கமாக

தூங்குமூஞ்சி மரத்தை மலாய்க்காரர்கள் "புக்குல் லீமா", ஐந்து மணி மரம் என்பார்கள். பெயரை நம்பாமல் இலை மடியும் நேரத்தை ஒரு வாரம் குறித்து வாருங்கள், மேகமூட்டமான நாளையும் சேர்த்து. 1982 பிறந்தபோது மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரத்தையே அரைமணி முன்னால் தள்ளி வைத்தார்கள், மரத்துக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் உடம்பின் நேரமும் அலுவலகத்தின் நேரமும் எங்கே ஒத்துவரவில்லை என்று கேட்க இது நல்ல இடம்.

முசுறு எறும்பு, இங்கே கெரெங்கா. கூடு கட்ட இலைகளை இழுத்துப் பிடிப்பது பெரியவை, தைக்கும் நூல் அவற்றிடம் இல்லை. நடக்கக்கூடத் தெரியாத புழுப்பருவக் குட்டியை வாயில் கவ்வி, அதன் வாயிலிருந்து வரும் நூலால்தான் தைக்கின்றன. ஒற்றுமை என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர் இந்த நூலைப் பார்த்திருக்கமாட்டார். கூட்டைத் தொடாதீர்கள், கடி நெருப்பு.

கடல். மூன்று நாள் தொடர்ந்து ஒரே மணிக்குக் கரையில் நில்லுங்கள். அலையேற்றம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவதால் ஒரே மணிக்கு ஒரே கடல் இருக்காது. ஒருவரை எப்போதும் அவர் வேலை முடிந்து களைத்து வரும் மணியிலேயே பார்த்துவிட்டு முன்கோபி என்று முடிவுகட்டியிருக்கிறோமா என்று கேட்டுக்கொள்ளலாம்.

காக்கையும் குயிலும். அமாவாசைக்குச் சோறு வைக்கும் நமக்குக் காக்கை புதிதல்ல. ஆனால் வீட்டுக் காக்கை இந்த நாட்டுப் பறவையல்ல, காப்பித் தோட்டப் புழுக்களைத் தின்ன இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்து விட்டது. குயில் அதன் கூட்டில் முட்டையிடும். பறக்கத் தொடங்கிய குயில் குஞ்சுக்குக் காக்கை இரை ஊட்டுவதைக் கண்டால் அசையாமல் பாருங்கள். தன் குஞ்சு பொன்குஞ்சு என்ற பழமொழி அங்கே வேறு மாதிரி ஒலிக்கும். கூடு கட்டும் காலத்தில் காக்கை தலையில் கொத்தும், தொப்பி போடுங்கள்.

பால்கனித் தொட்டியில் கொண்டைக்குருவி கூடு கட்டினால் ஏறத்தாழ ஒரு மாதத்துக்குப் பாடம். அடைகாக்க ஏறத்தாழ இரண்டு வாரம், குஞ்சு வெளியேற இன்னொரு இரண்டு வாரத்துக்குள். இரண்டு மீட்டர் தள்ளி இருங்கள், தாய் வெளியே போனபோது தொட்டியின் ஓரத்தில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள், கிளையை விலக்கிப் பார்க்காதீர்கள். காக்கையோ பூனையோ கொண்டுபோய்விடுவதும் நடக்கும். உதவி செய்யாமல் பக்கத்தில் இருப்பது எவ்வளவு கடினம் என்று, வளர்ந்த பிள்ளைகள் உள்ள பெற்றோருக்கு இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

எங்கே கெட்டுப்போகிறது

பெரிய கெடுதல் இரவல் பாடம். சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: அதே காட்சியிலிருந்து எதிர்ப்பாடம் எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். தண்ணீர்மலை ஓடையைப் பார்த்து ஒருவர் "நீர் பாறையைக் கரைக்கும், விடாதே" என்று எழுதுகிறார். பக்கத்தில் நிற்பவர் "நீர் பாறையைச் சுற்றிப் போகும், விட்டுக்கொடு" என்று எழுதுகிறார். இரண்டுக்கும் ஓடை தலையாட்டும். அப்படியானால் பாடம் ஓடையிலிருந்து வரவில்லை, அவரவர் மனத்திலிருந்து வந்தது. அதை அழிக்க வேண்டாம். பக்கத்தில் "இது என் ஆசை" என்று எழுதிவையுங்கள். மாதக் கடைசியில் அந்த வரிகளை மட்டும் தொகுத்துப் படித்தால், உங்களுக்கு என்ன வேண்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஓடை சொல்லாவிட்டாலும் அதுவும் ஒரு வரவுதான்.

நாகலிங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பூங்கா நுழைவாயில் பக்கத்து மரங்களைப் பார்த்து "நம் முன்னோர் வழிபட்ட ஆதிமரம்" என்று எழுதத் தோன்றும். அதன் சொந்த ஊர் தென்னமெரிக்கா. அந்தப் பூவில் தேன் கிடையாது. வரும் வண்டுகளுக்கும் தேனீக்களுக்கும் தின்ன என்றே ஒரு மகரந்தம், இனம் பெருக்க வேறொரு மகரந்தம் என்று இரண்டு வகை வைத்திருக்கிறது. வெளியூரிலிருந்து வந்து சிவனுக்கு உகந்த பூவானது என்பதில், மூன்று நான்கு தலைமுறைக்கு முன் கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. காய் பீரங்கிக் குண்டுபோலக் கனம், மரத்தடியில் நின்று யோசிக்க வேண்டாம். டுரியான் பருவத்தில் பாலிக் பூலாவ் தோட்டங்களிலும் அப்படியே.

இன்னொரு கெடுதல், ஒன்பதாம் நாள் வாக்கில் வரும் சலிப்பு. அதே மரம், அதே மைனா. இடத்தை மாற்றத் தோன்றும். மாற்றாமல், பார்க்கும் உயரத்தை மாற்றுங்கள்: உட்கார்ந்து பாருங்கள், அல்லது கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் கேட்பதை மட்டும் எழுதுங்கள். இரண்டு நாள் விட்டுப்போனால் பழைய தேதியில் இட்டுக்கட்டி நிரப்பாதீர்கள். பக்கம் காலியாகவே இருக்கட்டும், எந்த நாட்களில் விட்டுப்போகிறது என்பதும் ஒரு பதிவு.

குடும்பத்தோடு செய்வதானால் இருவர் ஒரே மரத்தின் முன் பேசாமல் பத்து நிமிடம் நின்று, இடப்பக்கத்தை மட்டும் மாற்றிப் படியுங்கள். வலப்பக்கம் அவரவர் சொந்தம், கேட்கக் கூடாது. ஒருவர் ஐந்து பறவை என்றும் இன்னொருவர் மூன்று என்றும் எழுதியிருந்தால் யார் சரி என்று வாதாடாமல், மறுநாள் அதே மணிக்குப் போய் மறுபடி எண்ணுங்கள். பிள்ளைகள் கூட வந்தால் எண்ணும் வேலையை அவர்களிடமே விட்டுவிடலாம். ஏழெட்டு வயதில் கண் கூர்மை, அதோடு பெரியவர்கள் விட்டதைச் சொல்லிக்காட்டுவதில் ஒரு தனிச் சந்தோஷமும் உண்டு.